ஐந்து மாதம் நின்ற அம்பாசடர் இன்ஜின்: ஆயில் பிரஷர் ஏறவில்லை, ஸ்டார்ட் செய்யலாமா?

மார்க்2_திண்டுக்கல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1974 மார்க் 2 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், கூடவே பிறந்த இன்ஜின். அப்பா 1983இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பத்து வருஷம் ஷெட்டில் கிடந்ததைப் போன வருஷம் இன்ஜினை இறக்கிப் பிரித்தேன். மதுரையில் லேத்துக்குக் கொடுத்து 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போர், கிராங்க் 20 தௌ கிரைண்டிங். பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதுசு. வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் பழசுதான். நன்றாக இருந்ததால், எது எந்தத் துளையில் இருந்ததோ அதே வரிசையில் திரும்பப் போட்டேன்.

கட்டியது நானே. தை மாதம் கட்டி முடித்தேன். பெயிண்ட் வேலை இழுத்தடித்ததில் இன்ஜின் வண்டிக்குள் ஏறவே ஆனி ஆகிவிட்டது. கட்டும்போது பேரிங்குக்கெல்லாம் இன்ஜின் ஆயில் தடவித்தான் போட்டேன். பம்பையும் ஆயிலில் முக்கி எடுத்துத்தான் மாட்டினேன்.

நேற்று 20டபிள்யூ50 ஆயில் ஊற்றி, டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரைக்கும் பார்த்துவிட்டு, பிளக் நாலையும் கழற்றி செல்ஃப் அடித்தேன். வண்டியில் இருக்கிறதை நம்பாமல் தனியாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கி மாட்டியிருக்கிறேன். பதினைந்து செகண்ட் அடிப்பது, ரெண்டு நிமிஷம் விடுவது என்று ஆறு தடவை. முள் கொஞ்சம்கூட அசையவில்லை. பிளாக்கின் பின்பக்கமிருந்து ஃபில்டருக்குப் போகிற குழாயின் யூனியனை (குழாயை இணைக்கிற நட்) தளர்த்திப் பார்த்தேன். விரலை விட்டால் காய்ந்த விரல்தான் வெளியே வருகிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருத்தர், "ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதி, ரெண்டு நிமிஷத்தில் தானா தூக்கிடும்" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு ட்ரில் மெஷினால் பம்பைச் சுற்றலாம் என்று எங்கேயோ பார்த்தேன். அது இந்த இன்ஜினுக்கு ஆகுமா? இல்லை, திரும்ப இன்ஜினை இறக்கி சம்ப்பை (அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) திறக்க வேண்டியதுதானா?

டீசல்புகை எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். பேட்டரியை ஃபுல் சார்ஜ் போட்டு இன்னும் நாலு தடவை செல்ஃப் அடிங்க. என்னுடைய அம்பாசடர் நோவா இன்ஜின் கட்டினப்போ எட்டாவது தடவையில்தான் முள் எழுந்தது. ஆனா பிளக் இல்லாமத்தான் அடிக்கணும், பிளக் போட்டு ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க.

ஹெரால்டு_948 எழுதியது:

ட்ரில் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் வைத்திருப்பது வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு, 948 சிசி. அதில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற அதே தண்டுதான் கீழே ஆயில் பம்பையும் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர், அதன் பீடம், பல்சக்கரம் மூன்றையும் மேலே உருவிவிட்டால் நேரே கீழே பம்பின் தலை தெரியும். ஒரு நீளக் கம்பியின் முனையைப் பம்புக்குப் பொருந்துகிற மாதிரி ராவி, ட்ரில்லில் மாட்டி, ரிவர்ஸில் ஓட்டினால் போதும். ரிவர்ஸ் என்பதை மறக்கக் கூடாது, டிஸ்ட்ரிபியூட்டர் இடப்பக்கமாகச் சுற்றுகிற வண்டி அது. முதலில் ட்ரில் வெறுமனே ஓடும். பத்து பதினைந்து செகண்டில் சத்தம் இறங்கி, கையில் கனம் ஏறும். ஆயில் பிடித்துவிட்டது என்று கேஜைப் பார்க்காமலே கைக்குத் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

அம்பாசடரில் அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தனித் தண்டு, பம்புக்குத் தனித் தண்டு. ரெண்டையும் கேம்தான் சுற்றுகிறது, ஆனால் வேறு வேறு இடத்தில். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக எவ்வளவு நீளக் கம்பி விட்டாலும் பம்பைத் தொட முடியாது. வெட்டியாகக் கழற்றி டைமிங்கைக் கலைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

தம்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினீர்கள் பாருங்கள், அதில் ஒரு செட் பேரிங் காசு மிச்சம்.

இன்ஜினை இறக்க வேண்டாம். உங்கள் பம்ப் கெட்டுப் போகவில்லை, காய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் திண்டுக்கல்காரர், கிணற்று மோட்டார் பார்த்திருப்பீர்கள். பல நாள் ஓடாத பம்பில் தண்ணீர் இறங்கிப் போயிருந்தால் சுவிட்சைப் போட்டு என்ன பயன்? விர்ரென்று காற்றைத்தான் சுற்றும். மேலே புனலை வைத்து ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவோம். அதற்கும் மசியாவிட்டால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம், சந்து அடைபட்டுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அம்பாசடர் பம்பும் அதே ஜாதி. பம்ப் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே தொங்குகிறது. ரோட்டருக்கும் உடம்புக்கும் நடுவே ஈரம் இருந்தால்தான் அது உறிஞ்சும். நீங்கள் முக்கி எடுத்த ஆயில் தையில் மாட்டியது, மாசி பங்குனிக்குள் சொட்டிச் சொட்டிக் கீழே இறங்கியிருக்கும். கட்டும்போதே பம்புக்குள் வாசலினை அடைத்திருந்தால் ஆறு மாதம் ஆனாலும் அப்படியே நின்றிருக்கும், ஓட ஆரம்பித்ததும் சூட்டில் கரைந்து ஆயிலோடு போய்விடும். நம் சாணிக் கரைசல் மாதிரி. ஆனால் சேசிஸ் கிரீஸ் வைக்கக் கூடாது. அது ஆயிலில் லேசில் கரையாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு வைத்துவிட்டு, ஃபில்டர் முழுக்கக் கட்டி கட்டியாக எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ரெண்டு நிமிஷத்தில் தானா தூக்கும்" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். 1991இல் கோயம்புத்தூரில் ஒரு டாக்சி இன்ஜின் கட்டினேன், இதே 1489. ஸ்டார்ட் செய்தேன். முள் எழவில்லை. கேஜ்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, ஒன்றரை நிமிஷம் ஓடவிட்டேன். பிறகு தட்டல் கேட்டது. சம்ப்பை இறக்கிப் பார்த்தால் மூன்றாம் நம்பர் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடம்) பேரிங்கில் மேல் பூச்சு போய்ச் செம்பு தெரிகிறது, கிராங்கில் நகத்தால் கீறின மாதிரி கோடு. கேஜில் ஒரு குறையும் இல்லை. கிராங்க் கிரைண்டிங் காசு என் கையிலிருந்து போனது. இந்த இன்ஜினில் கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங்கே மூன்றுதான். அந்த மூன்றின் வழியாகத்தான் நாலு பிக் எண்டுக்கும் ஆயில் போயாக வேண்டும். முதல் நிமிஷத்தில் பட்டினி போட்டால் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் சுலபமானதைப் பாருங்கள். பிளாக்கின் இடது பக்கம், பின்னால், கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு நட் இருக்கும். பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வு அதற்குள்தான். கழற்றினால் ஸ்பிரிங்கும் சின்ன பிளஞ்சரும் வரும். போர் போட்ட தூளோ மணலோ சிக்கி பிளஞ்சர் திறந்தே நின்றால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் எல்லாம் சம்ப்புக்கே திரும்பிவிடும். விரலால் தள்ளினால் வழவழவென்று போய்வர வேண்டும். நட்டுக்கு அடியில் ரெண்டு ஃபைபர் வாஷர், கீழே விழுந்து தொலையும், ஒரு கையை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அது சரியாக இருந்தால் பம்புக்கு ஆயில் ஊட்ட வேண்டும். நீங்கள் தளர்த்திப் பார்த்த அதே குழாய்தான் வழி. பிளாக் பக்கத்து முனையை முழுசாகக் கழற்றிவிடுங்கள். அந்தத் துளை நேரே பம்பின் வாய்க்குப் போகிறது. மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி, முனையில் ஒரு சாண் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, துளைக்குள் ஆயிலை ஏற்றுங்கள். கொஞ்சம் போனதும் நின்றுவிடும். அப்போது கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். பின்பக்கம் சுற்றினால் பம்பும் தலைகீழாக வேலை செய்து, வெளியே தள்ளுகிற வாயால் உள்ளே உறிஞ்சும். ஹேண்டில் இதற்கு உதவாது, பின்னால் திருப்பினால் கொக்கி வழுக்கிவிடும். பிளக் கழற்றியேதானே இருக்கிறது, டாப் கியரில் போட்டு, ஒரு ஆளை விட்டு வண்டியை மெதுவாகப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். அரை அடி தள்ளினாலே துளையில் நிற்கிற ஆயில் சர்ரென்று உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். திரும்ப நிரப்புங்கள், திரும்பத் தள்ளுங்கள். மூன்று நாலு சிரிஞ்ச் குடித்தால் போதும்.

பிறகு ஃபில்டர். உங்கள் வண்டியில் நடுவே நீள போல்ட் போட்ட கிண்ண ஃபில்டராகத்தான் இருக்கும். கிண்ணத்தை இறக்கி, புது எலிமென்ட் வைத்து, முக்கால் கிண்ணம் ஆயில் ஊற்றியே மேலே ஏற்றுங்கள். எலிமென்ட் ஆயிலைக் குடிக்கும், ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கொஞ்சம் ஊற்றுங்கள். காலிக் கிண்ணத்தை மாட்டினால் அதை நிரப்பவே பம்புக்கு நேரம் போய்விடும்.

அப்புறம் குழாயை மாட்டி, ஃபில்டர் பக்கத்து யூனியனை மட்டும் ஒரு சுற்று தளர்வாக வைத்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்டில் போட்டு முன்பக்கம் சுற்றுங்கள். செல்ஃப் வேண்டாம், ஹேண்டில். பம்ப் கேமின் வேகத்தில்தான் சுற்றும், அதாவது கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. அதனால் பொறுமை வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு கெட்டி ஆயில் வரும். வந்ததும் யூனியனை டைட் செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிளக் இல்லாமல் அடித்தால் முள் 20, 30 பவுண்டு வரைக்கும் வந்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் வராவிட்டால்தான் சம்ப். பம்பின் அடியில் ஜல்லடை மாட்டியிருக்கிற இடத்தில் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். ஃபுட் வால்வு ஓட்டையான கிணற்று மோட்டார் கதை.

ஹெரால்டு_948 எழுதியது:

அண்ணே, அந்தப் பின்னால் தள்ளுகிற வித்தை எனக்கே புதிது. ஒன்று கேட்கிறேன். பம்ப் சரி, பேரிங்கும் ஐந்து மாதத்தில் காய்ந்திருக்காதா? ரோஜாச் செடிக்கு அடிக்கிற கை ஸ்பிரேயர் இருக்கிறதே, அதில் ஆயிலை ஊற்றி, பிரஷர் கேஜ் மாட்டுகிற துளை வழியாக உள்ளே ஏற்றினால் பேரிங் எல்லாம் ஒரே தடவையில் நனைந்துவிடுமே? நான் ஒரு நண்பரின் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

நல்ல யோசனை. என் காலத்தில் அந்த ஸ்பிரேயர் கிடையாது. அதையும் செய்துவிடுங்கள் தம்பி, பம்புக்கு ஊட்டிய பிறகு. புது ஸ்பிரேயராக இருக்கட்டும், பூச்சிமருந்து அடித்தது வேண்டாம். 20டபிள்யூ50 கெட்டி, சின்ன டியூபில் நகராது. ஆயில் டப்பாவை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஏற்றும்போது ராக்கர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராங்கைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ராக்கரில் ஆயில் கசிவது தெரிந்தால் மேலே வரைக்கும் போய்விட்டது என்று நிம்மதி. கம்ப்ரசரை அந்த பிளாஸ்டிக் டப்பாவில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், வெடிக்கும். ஏற்றிய ஆயில் எல்லாம் சம்ப்புக்குத்தான் வரும். முடிந்ததும் டிப் ஸ்டிக் பார்த்து, கூடுதலாக இருப்பதை வடித்துவிடுங்கள்.

டீசல்புகை எழுதியது:

ஸ்டார்ட் ஆனதும் இருபது நிமிஷம் 2000 ஆர்பிஎம்மிலேயே வைக்கணும்னு சொல்வாங்களே, அது வேண்டாமா?

பழைய_ஸ்பானர் எழுதியது:

அது புது கேம், புது டேப்பெட் போட்டவர்களுக்கு. கேமின் மூக்குக்கு ஆயில் தெறித்துத்தான் வரும், ஐடிலில் போதுமான அளவு தெறிக்காது, அதனால் வேகமாக வைக்கச் சொல்வது. தம்பி பழைய கேமையும் பழைய டேப்பெட்டையும் அதே வரிசையில் போட்டிருக்கிறார், அவை ஏற்கெனவே ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஆனாலும் புது ரிங் இருக்கிறது, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு வேடிக்கை பார்க்காமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள். சிந்தெடிக் ஆயில் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் போட்டிருப்பது சாதா மினரல் 20டபிள்யூ50தானே? அது போதும்.

மார்க்2_திண்டுக்கல் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது தேடினால் உதவும்.

ரிலீஃப் வால்வு சுத்தமாக இருந்தது. வாஷர் ஒன்று விழுந்து எங்கேயோ போய்விட்டது, காந்தத்தைக் கட்டித் தேடினேன். ஃபைபர் வாஷர் காந்தத்தில் ஒட்டாது என்று அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பம்புக்கு ஊட்டுவது ஐயா சொன்ன மாதிரியே நடந்தது. முதல் சிரிஞ்சில் 30 மில்லிகூடப் போகவில்லை. அப்பா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துகொள்ள, தம்பி முன்னாலிருந்து தள்ளினான். துளையின் வாயில் வட்டமாக நின்ற ஆயில் "க்ளக்" என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மொத்தம் நாலரை சிரிஞ்ச் குடித்தது. நாலாவதுக்குப் பிறகு ஜல்லடைப் பக்கம் கொப்பளிக்கிற சத்தம் சம்ப்பிலிருந்து கேட்டது.

ஸ்பிரேயருக்கு கேஜ் குழாயின் த்ரெட்டுக்குப் பொருந்தும்படி லேத்தில் ஒரு பித்தளை முனை கடைந்து வாங்கினேன், 150 ரூபாய். ஒன்றரை லிட்டர் உள்ளே போனது. இருபது நிமிஷம் ஆனது. முதலில் கடைசி ராக்கரில் முத்து மாதிரி ஒரு சொட்டு எழுந்தது, பிறகு ஒவ்வொன்றாக.

ஹேண்டிலில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோராவது சுற்றில் யூனியனில் நுரை, நாற்பதில் ஆயில். டைட் செய்துவிட்டு செல்ஃப் அடித்தேன். ஐந்து செகண்டில் முள் எழுந்து 25ஐத் தொட்டது. தொட்ட மறு நிமிஷம் ஃபில்டர் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்து, என் சட்டை, தரை, அப்பாவின் செருப்பு எல்லாம் ஒரே ஆயில். அரை லிட்டர் போயிருக்கும். கிண்ணத்தை இறக்கிப் பார்த்தால், ஃபில்டர் தலையின் பள்ளத்தில் பழைய ரப்பர் ரிங் இரும்பு மாதிரி இறுகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புது ரிங்கை வைத்திருக்கிறேன்! கருப்போடு கருப்பாக இருந்ததால் பள்ளத்தின் அடிப்பாகம் என்றே நினைத்துவிட்டேன். கோணியூசியால் குத்திக் குத்தித் துண்டு துண்டாக எடுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுபடி கிண்ணத்தை நிரப்பி மாட்டி, செல்ஃப் அடித்ததில் 28 பவுண்டு. பிளக்கைப் போட்டு, பெட்ரோல் விட்டு, சோக்கை இழுத்து ஒரு அடி. உடனே பிடித்துக்கொண்டது. முள் ஒரே தாவாக 60க்குப் போனது. சூடானதும் ஓட்டத்தில் 50, ஐடிலில் 20. ராக்கர் சத்தம் தையல் மெஷின் மாதிரி சீராக இருக்கிறது. சூட்டோடு ஆயிலை வடித்துவிட்டேன். எலிமென்ட்டையும் மாற்றிவிட்டேன். வடித்ததில் லேசான மினுமினுப்பு இருந்தது, கையில் தேய்த்தால் தட்டுப்படவில்லை. அது புது ரிங்கின் தூள்தானே?

இன்னொரு சந்தேகம். இன்ஜினும் கியர் பாக்சும் சேருகிற இடத்தில், அடியில் ஆணி மாதிரி ஒன்று தொங்குகிற ஓட்டையிலிருந்து சொட்டுகிறது. ராத்திரி முழுக்க எட்டு பத்து சொட்டு. பின்பக்க ஆயில் சீல் போட மறந்துவிட்டேனா? கிட்டில் அப்படி ஒரு சீல் வந்த ஞாபகமே இல்லை.

பழைய_ஸ்பானர் எழுதியது:

மினுமினுப்பு ரிங்தான், கவலை வேண்டாம். 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை மாற்றுங்கள். அன்றைக்கே ஹெட் நட்டை வரிசையாக ஒரு தடவை டைட் பார்த்துவிட்டு டேப்பெட்டும் செட் செய்துவிடுங்கள்.

கிட்டில் சீல் வராதது கடைக்காரர் தப்பில்லை. அந்த இடத்தில் சீலே கிடையாது. கிராங்கின் வாலில் திருகாணி மாதிரி ஒரு மரை வெட்டியிருப்பார்கள், ஓடும்போது அது ஆயிலை உள்ளே திருப்பிவிடும். நின்றதும் கொஞ்சம் சொட்டும். நீங்கள் பார்த்தது ஸ்பிளிட் பின், ஓட்டை அடைபடாமல் ஆடிக்கொண்டே இருப்பதற்காக மாட்டியது. அதை அடைத்தால் கிளட்ச் பிளேட் நனைந்துவிடும், தொடாதீர்கள். எட்டு சொட்டு என்பது அம்பாசடருக்கு நல்ல கணக்கு. அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள்.

மார்க்2_திண்டுக்கல் எழுதியது:

வைத்துவிட்டேன் ஐயா. அப்பாவின் செருப்புக்குப் பக்கத்திலேயே.